வண்டி மலையிறங்கிய நேரம்

கண்ணு,

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் கிளம்புவதற்கு முன்னால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டாய்: "அம்மா, நீங்க கணக்கு டீச்சர் தானுங்க. கணக்குப் போட்டுச் சொல்லுங்க. அன்னைக்கு நான் வண்டியத் திருப்பியிருந்தா அப்பா பொழச்சிருப்பாருங்களா?" கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். "போய்ச் சேந்ததும் போன் பண்ணு சாமி" என்று மட்டும் சொன்னேன். நீ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். இதற்கு முன்பும் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறாய். ஒவ்வொரு முறையும் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி சமையலறைக்குள் போயிருக்கிறேன். அடுப்பில் எதுவும் இருந்ததில்லை. போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். இதை வேலைக்குப் போகும் நாளில் படிக்காதே. ஓசூரில் நீ ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸில் உன்னை நம்பி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். விடுமுறை நாளில், சாப்பிட்டுவிட்டுப் படி.

கேள்வியைக் கணக்கு டீச்சரிடம் கேட்டதால் முதலில் டீச்சராகவே பதில் சொல்கிறேன். பிளஸ் டூவில் நீ என் வகுப்பில்தான் இருந்தாய். பெற்ற பிள்ளை என்று விட்டுவிடுகிறாள் என யாரும் சொல்லிவிடக் கூடாதென்று உன்னைத்தான் அதிகம் எழுப்பிக் கேள்வி கேட்பேன். பாய்சான் பரவல் பாடம் நடத்தியபோது, புத்தகத்தில் பக்கத்துக்கு எத்தனை அச்சுப்பிழை என்று ஒரு கணக்கு இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அது பிடிபடவில்லை. அதை விட்டுவிட்டு, காற்றுக் காலத்தில் எஸ்டேட்டு சில்வர் ஓக் கிளை ஒடிந்து கரண்ட் கம்பி மேல் விழுவதைச் சொன்னேன். நாளைக்குச் சராசரியாக ஒரு கிளை விழுகிறது என்றால் தினமும் ஒன்று விழும் என்று அர்த்தமில்லை. மூன்றில் ஒரு பங்கு நாளுக்குச் சற்று அதிகமாகவே ஒன்றுகூட விழாது. இன்னொரு நாள் மூன்று சேர்ந்து விழும், மலை முழுக்க இருட்டாகிவிடும். ஒரு கிளைக்கு இன்னொரு கிளை விழுந்தது தெரியாது. நேற்று விழுந்துவிட்டோமே, இன்று சும்மா இருப்போம் என்று மரம் நினைப்பதில்லை. ஒன்றையொன்று பார்க்காமல் நடக்கிற காரியங்கள் ஒரே நேரத்தில் வந்து மோதத்தான் செய்யும். எவ்வளவு அடிக்கடி மோதும் என்பதைத்தான் அந்தச் சூத்திரம் சொல்கிறது. நீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாய் என்று நினைத்திருந்தேன். இல்லையென்று பிறகுதான் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் ஓட்டப் போகிறேன் என்று நீ சொன்னபோது உன் அப்பா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். பிறகு நீ சீருடை போட்டு முதன்முதலாக நம் நாகலூர் வழியாக வண்டி ஓட்டிப் போன அன்று, கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து ரோட்டோரம் வந்து நின்றாராம். நீ கையை ஆட்டக்கூட நேரமில்லாமல் போய்விட்டாய். "பையன் என்னையப் பாக்கவே இல்ல புள்ள, ரோட்டையே பாத்துட்டுப் போறான்" என்று வந்து சொன்னார். குறைப்பட்டுக்கொள்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷம் கழித்து ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது நீதான் அந்தக் கணக்கை எடுத்தாய். மலைக்கு ஒரே வண்டி. இரண்டாவது கேட்டால், நாளைக்கு மூன்று அழைப்புதானே வருகிறது, எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, இறங்கி ஏற நான்கு மணி நேரம், பாதி நேரம் வண்டி சும்மாதானே நிற்கிறது என்கிறார்களாம் சேலத்து அதிகாரிகள். "அந்த சில்வர் ஓக் கணக்கப் போட்டுக் குடுங்கம்மா, எழுதிக் குடுக்கலாம்" என்றாய். பருப்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போட்டேன். நாளைக்கு மூன்று என்றால் நான்கு மணி நேரத்துக்குச் சராசரி அரை. அரை அழைப்பு என்று ஒன்று கிடையாது. ஒன்று வராமலிருக்கும், அல்லது வரும். வராமலிருக்கப் பத்தில் ஆறு வாய்ப்பு. வர, பத்தில் நான்கு. அதாவது வண்டி மலையிறங்கினால் பத்து முறையில் நான்கு முறை மேலே யாரோ ஒருவர் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார். உன் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த நாலுல நம்ம ஊடு வராம இருந்தாச் சரி" என்றார். "மலையில எத்தன ஊடு இருக்குதுங்க, நம்முளத் தேடியா வரப்போகுது" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அந்த மனு போனது. பதில் வரவில்லை.

அந்த நாளைப் பற்றி நாம் இருவரும் ஒருமுறைகூட உட்கார்ந்து பேசியதில்லை. உனக்கு உன் பக்கம் தெரியும். என் பக்கத்தைச் சொல்கிறேன். ஐப்பசி மழை காலையிலிருந்தே பிடித்துக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, மிளகுக் கொடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன உன் அப்பா உடனே திரும்பி வந்தார். சட்டை நனைந்திருந்தது. மழை என்று நினைத்துத் துண்டு கொடுத்தேன். அது வேர்வை. "நெஞ்சுல கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குது புள்ள" என்று கட்டிலில் சாய்ந்தார். இடது கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். மலை வண்டி ஆளை ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருக்கிறது, கீழேயிருந்து வேறு வண்டி அனுப்புகிறோம், மழையில் ஏறிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றாள். என் கையிலிருந்த போனைப் பார்த்து உன் அப்பா, "பையனக் கூப்புடு" என்றார்.

கூப்பிட்டேன். நீ எடுத்தாய். வைப்பர் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு பெண் முனகும் சத்தமும் கேட்டது. "அப்பாவுக்கு நெஞ்சு வலி கண்ணு, வேர்த்துக் கொட்டுது" என்றேன். "அம்மா, வண்டியில ஆளு இருக்குதுங்கம்மா. புள்ள பெத்த பொண்ணு. ரத்தம் நிக்கலீங்க. பாதி மலை எறங்கிட்டேன்" என்றாய். என்ன செய்யட்டும் என்று நீ கேட்கவில்லை. ஆனால் கேட்டாய், எனக்குத் தெரியும். நான் சொன்னேன்: "நீ போ." அவ்வளவுதான் சொன்னேன். போனை வைத்துவிட்டேன்.

கட்டிலைப் பார்த்தேன். உன் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வர்றானா?" என்றார். "வண்டியில ஆளு இருக்குதாமுங்க" என்றேன். பெரிய மனிதர்போல ஏதோ சொன்னார் என்று நான் எழுதலாம், உனக்கும் ஆறுதலாக இருக்கும். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. "வண்டியத் திருப்பச் சொல்லு புள்ள, எனக்குத் தாங்கல" என்றார். திரும்பவும் சொன்னார். நான் அவர் நெஞ்சை நீவிக்கொண்டு இருந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பிக்கப் வேனைப் பிடித்து, டிரைவரைத் தேடி, காப்பிச் சாக்குகளை இறக்கி, பின்னால் பாய் விரித்து ஏற்றினோம். தார்ப்பாய்க்குள் அவர் தலை என் மடியில் இருந்தது. ஏற்காட்டுக்குப் போகிற வழியிலேயே அவர் கை என் கையை விட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிடாமல், அங்கேயே குனிந்து சொன்னார்.

கீழே அந்தப் பெண்ணும் சேலம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளும்போதே போய்விட்டாள் என்று உன்னோடு வண்டியில் இருந்த நர்ஸ் ரேவதி பிறகு வந்து சொன்னாள். வெள்ளக்கடை ஊர்ப் பெண், பெயர் செல்வி. குழந்தை பிழைத்துக்கொண்டது. ரேவதி இன்னொன்றும் சொன்னாள். என் போனுக்குப் பிறகு நீ வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் தலையை வைத்தாயாம். "அண்ணா, பல்ஸ் எறங்குதுங்கண்ணா" என்று அவள் பின்னாலிருந்து கத்தியதும் கிளப்பிவிட்டாயாம். அதை நீ யாரிடமும் சொல்லவில்லை. நிறுத்திய அந்த நேரத்தைத்தான் நீ இரவெல்லாம் மென்றுகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் செல்விக்கும் ஆகாமல், இந்தப் பக்கம் அப்பாவுக்கும் ஆகாமல் போன நேரம் என்று நினைக்கிறாய்.

இழவு வீட்டில் உன் பெரியப்பா எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "ஊரான் பொண்டாட்டிய ஏத்திட்டுப் போனவன், பெத்த அப்பனுக்குத் திரும்பல." நீ கொள்ளிச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாய். "நான்தானுங்க போகச் சொன்னேன்" என்றேன். "நீ பெத்தவ, அப்படித்தான் சொல்லுவ" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு யார் யாரிடமோ சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. நீயும் நம்பவில்லை என்று நினைக்கிறேன். காதால் கேட்டவன் நீ, ஆனாலும் அதை நான் சொன்னதாக எண்ணாமல் நீ செய்ததாக எண்ணுகிறாய். உன் அத்தை, வீட்டில் தோஷம் இருக்கிறது, ஒரே நாளில் இரண்டு உயிர் என்றால் சும்மா நடக்குமா, குறி கேட்கலாம் என்றாள். நான் அவளை வாசலோடு அனுப்பிவிட்டேன். நீ எங்கே இருந்தாலும், இதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் கவனமாக இரு. துக்கத்தில் இருக்கிறவனுக்குக் காரணத்தைப்போல ருசியான பொருள் வேறு இல்லை.

முப்பதாம் நாள் முடிந்த வாரம் ஒருவர் பைக்கில் வந்து வாசலில் நின்றார். நீ டூட்டியில் இருந்தாய். ஒல்லியான ஆள், தாடி வளர்ந்திருந்தது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வர மறுத்தார். "நானுங்க மாது. வெள்ளக்கடைங்க. செல்வி ஊட்டுக்காரனுங்க" என்றார். உட்காரச் சொன்னேன். படியில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "டீச்சருங்க, உங்க ஊட்டுக்காரருக்கு வர வேண்டிய வண்டியிலதான் எங்க ஊட்டுல போனாங்களாமே. ஊருல சொல்றாங்க. செல்வியும் பொழைக்கல. இவராச்சும் பொழச்சிருப்பாருங்க. அதச் சொல்லீட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார், கண்ணு. பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு, மலை சுற்றி நம் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். "அது உங்க வண்டிங்க. நீங்கதான் மொதல்ல கூப்புட்டீங்க. யாருக்கும் வர வேண்டியத நீங்க எடுக்கல" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. டீ கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு எழுந்துகொண்டார். அவர் வந்ததை உன்னிடம் சொன்னால் உடைந்துவிடுவாய் என்று சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் உன்னைத் திட்டியவர்கள் மட்டும்தான் உன் காதில் இருக்கிறார்கள்.

அதன் பிறகு நான் சேலம் போய் ஆம்புலன்ஸ் அதிகாரியைப் பார்த்தேன். பழைய கணக்கைத் திரும்ப எழுதி, கீழே உன் அப்பாவின் பெயரையும் செல்வியின் பெயரையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வயதில் சின்னவர், எழுந்து நின்றுதான் பேசினார். "உங்க துக்கம் புரியுதும்மா. ரெண்டும் ஒரே நேரத்துல வந்தது துரதிர்ஷ்டம்" என்றார். "துரதிர்ஷ்டம் இல்லீங்க. பத்துக்கு நாலு எதிர்பார்க்க வேண்டியதுதானுங்க" என்றேன். அவர் தாளை நிதானமாகப் படித்தார். "கணக்கு சரியாத்தாம்மா இருக்கு. இதவிட மோசமாக்கூட இருக்கும், சீசன்ல டூரிஸ்ட் கூட்டம் வேற. எங்கிட்ட வண்டி இல்ல. வண்டி வந்தா ஓட்ட ஆளில்ல" என்றார். எதிராளி தப்பாகச் சொன்னால் சண்டை போடலாம். சரி என்று ஒத்துக்கொண்டவரிடம் என்ன சண்டை போடுவது? படியிறங்கி வரும்போது, இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு விடை சரியாக வந்தால் முழு மார்க் போட்டேனே என்று நினைத்துக்கொண்டேன்.

நீ முப்பது முடிந்ததுமே வேலைக்குத் திரும்பியிருந்தாய். ஒருமுறை நடந்துவிட்டது, இனி நடக்காது என்று உனக்குள் ஒரு தைரியம் இருந்ததை நான் பார்த்தேன். சொல்லியிருக்க வேண்டும், சொல்ல மனம் வரவில்லை: அந்தக் கணக்குக்கு ஞாபகம் கிடையாது. கொஞ்ச நாளிலேயே, நீ ஒரு கர்ப்பிணியை இறக்கிவிட்டுக் கீழே நின்றபோது தலைச்சோலையிலிருந்து அழைப்பு வந்தது. கிழவர் ஒருவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். யாரோ ஜீப்பில் கொண்டுவந்து சேர்த்தார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் நீ ஆஸ்பத்திரி போர்ட்டிகோவிலேயே உட்கார்ந்துவிட்டாய். சாவியைக் கையில் எடுக்க முடியவில்லை உனக்கு. வேறு டிரைவர் வந்துதான் வண்டி மேலே ஏறியது. அடுத்த வாரம் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாய். நான் தடுக்கவில்லை. ஓசூருக்குப் போகிறேன் என்றபோதும் தடுக்கவில்லை. மலையை விட்டு ஓடுகிறாய் என்று பெரியப்பா சொல்வார். சொல்லிக்கொள்ளட்டும். கை நடுங்குகிறவன் அந்த வண்டியை ஓட்டக் கூடாது, அதை நீயே உணர்ந்து விலகியது எனக்கு மரியாதையாகத்தான் இருந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த கணக்கு இதற்குப் பதில் சொல்லாது. பத்து முறை வண்டி இறங்கினால் எத்தனை முறை இப்படி ஆகும் என்று சொல்லும். அது யார் வீட்டுக் கதவு என்று சொல்லாது. வேறு பாதையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொல்லாது. அதனால் அன்று அப்பாவைப் பார்த்த டாக்டரிடம் போய்க் கேட்டேன், நீ கேட்ட அதே கேள்வியை. "நிச்சயமாச் சொல்ல முடியாதுங்க டீச்சர். மாத்திரையும் ஆக்சிஜனும் சீக்கிரம் கெடச்சிருந்தா வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார். ஆகவே பதில் இதுதான், சாமி: பிழைத்திருக்கலாம். நீ திருப்பியிருந்தால் உன் அப்பா பிழைத்திருக்கலாம். பொய் சொல்லி உன்னைத் தேற்றினால் என்றைக்காவது நீ வேறு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாய். அப்போது நானும் உனக்கு இல்லாமல் போய்விடுவேன். செல்வி சாவாள் என்று அப்போது நமக்குத் தெரியாது. அவள் உயிரோடு இருந்தாள், முனகிக்கொண்டிருந்தாள், நான் கேட்டேன். நீ ஓரம்கட்டி நிறுத்திய நேரத்தைப் பற்றியும் ரேவதியிடம் கேட்டேன். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இருக்காதுங்க என்றாள். அதற்குமேல் அதில் எதையும் தேடாதே.

உன் அப்பா வண்டியைத் திருப்பச் சொன்னார். நான் திருப்பச் சொல்லவில்லை. அவர் கேட்டதை நான் மறுத்தேன், அவர் கண்ணெதிரே. அதோடு தினமும் அந்தக் கட்டிலில் படுத்து எழுகிறேன். அந்த மத்தியானம் மறுபடி வந்தாலும் அந்த இரண்டு வார்த்தையைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். சொல்ல முடியாமலும் போகலாம். அது எனக்கும் தெரியாது. ஆனால் சொன்னவள் நான். நீ அதைத் தூக்கிக்கொண்டு ஓசூர் வரை போக வேண்டாம். அது என்னுடையது, இங்கேயே இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ரூமில் இருக்கிற பையன்களோடு ஞாயிற்றுக்கிழமை எங்காவது வெளியே போ, தனியாக உட்கார்ந்து யோசிக்காதே. மாது வீட்டுக்கு என்றைக்காவது போக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் சொல், சேர்ந்து போகலாம். தோன்றாவிட்டால் பரவாயில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சைரன் சத்தத்தோடு வண்டி நம் ரோட்டு வழியாக இறங்கிப் போனது. புது டிரைவர், உன்னைவிட வேகமாகப் போகிறான். சத்தம் மறைந்ததும் எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்து, "யாருக்குங்க டீச்சர்?" என்றாள். தெரியலீங்க என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். இப்போதெல்லாம் வண்டி இறங்கினால், அது திரும்பி ஏறுகிற வரை மலையில் வேறு யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாதென்று வேண்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். வேண்டுவதால் எண்ணிக்கை மாறாது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவள் நான்தான். ஆனாலும் நிற்கிறேன்.

அம்மா